உலோகப் பரப்பில் நுண்துளைக் கார்பன் வலையமைப்பு: பரப்பின் பங்கும் இன்றைய எல்லையும்

முன்னுரை

எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மீஞ்சூர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் திறனுடையது. அங்கு உப்பைத் தடுப்பது பலபடிச் சவ்வு ஆகும். அத்தகைய சவ்வின் இடைவெளிகள் ஒரே அளவினவாக அமைவதில்லை. ஒத்த அளவுத் துளைகளையுடைய, ஓரணுத் தடிமன் கொண்ட கார்பன் ஏடு அதற்கு மாற்றாகலாம் என்று கருதப்படுகிறது. அவ்வேட்டை உருவாக்குவதில் உலோகப் பரப்பின் பங்கு யாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

துளையின் அளவு

நீர் மூலக்கூறின் விட்டம் ஏறத்தாழ 0.28 நானோமீட்டர், நீரேற்றம் பெற்ற சோடியம் அயனியின் விட்டம் ஏறத்தாழ 0.72 நானோமீட்டர். துளை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும். முழு ஏட்டைப் பின்னர்த் துளையிட்டால் இந்நுட்பம் கைகூடுவது அரிது. ஆகவே மூலக்கூறுகளை இணைத்தே துளைகளை உருவாக்கும் முறை மேற்கொள்ளப்படுகிறது.

வினையும் பரப்பும்

செம்பின் துணையால் இரு பென்சீன் வளையங்களை இணைக்கும் வினையை உல்மான் 1901இல் வெளியிட்டார். அவ்வினையே இன்று மீவெற்றிடத்தில், தூய உலோகப் படிகத்தின்மேல் நிகழ்த்தப்படுகிறது. வெப்பத்தால் ஹாலஜன் அணுக்கள் நீங்க, அவை இருந்த முனைகள் ஒன்றோடொன்று பிணைகின்றன. 2009இல் பியரி குழுவினர், ஆறு அயோடின் அணுக்களையுடைய வளைய மூலக்கூறுகளை வெள்ளிப் பரப்பில் இணைத்து, 0.74 நானோமீட்டர் இடைவெளியில் துளைகள் அமைந்த வலையைப் பெற்றனர்.

அதே மூலக்கூறு செம்பின்மேல் கிளைத்த, சிதறிய வடிவங்களையே தந்ததை 2010இல் அவர்கள் காட்டினர். செம்பில் மூலக்கூறு எளிதில் நகர்வதில்லை. சந்தித்த இடத்திலேயே பிணைந்துவிடுகிறது. வெள்ளியில் அது பொருந்தும் இடத்தை அடைந்தபின் பிணைகிறது. எனவே வலையின் ஒழுங்கு, நகர்தலுக்கும் பிணைதலுக்கும் இடையிலான போட்டியைச் சார்ந்தது.

எல்லை

கார்பன்–கார்பன் பிணைப்பு ஒருமுறை உருவானால் எளிதில் மீளாது. தவறான இணைப்பு பெருந்துளையாக நிலைத்துவிடும். 2018இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் தங்கப் பரப்பில் முதலில் நாடாக்களை உருவாக்கி, பின்னர் ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் அவற்றைப் பக்கவாட்டில் இணைத்தமை, இச்சிக்கலைப் படிப்படியாகக் கையாளும் வழியாகும்.

முடிவுரை

பெருந்துளைகள் சிலவே இருப்பினும் அவற்றின் வழியே உப்பு கடந்துவிடும். ஆதலின், இவ்வலைகளைக் கடல்நீர்ச் சவ்வாக மதிப்பிடும் ஆய்வுகள் துளையின் அளவோடு நின்றுவிடலாகாது. ஒழுங்கு நீடிக்கும் பரப்பளவையும் பிழைத்துளைகளின் அடர்த்தியையும் தருதல் வேண்டும். உலோகத்திலிருந்து பெயர்த்தெடுத்த பின்னரும் அவ்வளவீடுகள் தேவை. காட்டுப்பள்ளி போன்ற நிலையத்திற்கு இவ்வேடு பயன்படுமா என்பதை அவ்விவரங்களே தெளிவுபடுத்தும்.