காவலை நிறுத்துவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு

எங்கள் விடுதியின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. தொட்டி நிறைந்ததும் கீழே சமையற்கட்டில் ஒரு மணி ஒலிக்கும். உடனே ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிடுவோம். சென்ற கோடையில் ஒருநாள் அந்த மணி காரணமின்றி ஓயாமல் அலறத் தொடங்கியது. பழுது பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் முதலில் மணிக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டித்தார். பிறகு மாடிக்கு ஏறி மிதவையைச் சரிசெய்தார். கூலியைப் பெற்றுக்கொண்டு போய்விட்டார். மணிக்கு மறுபடி மின்சாரம் கொடுக்க அவரும் மறந்தார், "கொடுத்துவிட்டீர்களா அண்ணா?" என்று கேட்க நாங்களும் மறந்தோம்.

அன்றிரவு மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. மணி ஒலிக்கவில்லை, ஆகவே தொட்டி நிறையவில்லை என்று நம்பி உறங்கிவிட்டோம். விடிந்து பார்த்தால் முற்றமெல்லாம் வெள்ளம்! ஆழ்துளைக் கிணற்றிலோ முகம் கழுவக்கூட நீர் இல்லை. கோடையில் ஒரு குடம் நீரின் அருமை எங்கள் பக்கத்துத் தாய்மார்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெட்கத்தோடு நின்ற எங்களுக்கு அன்று ஓர் உண்மை புலப்பட்டது. மணி ஒலிக்கவில்லை என்றால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, எல்லாம் நலம். மற்றொன்று, மணியே செத்துக் கிடக்கிறது. வெளியிலிருந்து கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

காவலின் அருமை எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களின் வழியே ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாற்றைத் தோழியர் பலரும் அறிவர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், அரியலூருக்கு அருகே அந்த ஆற்றின் வெள்ளத்தில் ரயில் பாலம் சிதைந்தது. அந்த ஆபத்தை அறியாமல் வந்த தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். ஆபத்து வருவதை முன்னதாக அறிந்து சொல்லும் கண் எவ்வளவு தேவை என்பதை அந்த விடியல் நாட்டுக்கே உணர்த்தியது. இன்று மழைக்காலத்தில் ரோந்துப் பணியாளர் தண்டவாளத்தில் நடக்கின்றனர். சில பாலங்களில் ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து, எல்லை மீறினால் அலுவலர்களுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளும் பொருத்தப்பட்டுள்ளன.

மனிதர் செய்துவந்த காவல் இவ்வாறு மெல்ல மெல்ல கணிப்பொறியின் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் கணிப்பொறிகளைக் காவல் காப்பது யார்? அதைத்தான் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

கொத்தாக உழைக்கும் கணிப்பொறிகள்

ரயில் பாதையே இல்லாத பெரம்பலூரில் இருந்துகொண்டு, அரியலூரில் ஏறுவதற்கான பயணச்சீட்டை அப்பாவின் கைபேசியிலேயே பதிவு செய்துவிடுகிறோம். அந்தக் கைபேசிக்கு எங்கோ தொலைவில் இருந்து பதில் சொல்லும் பெரிய கணிப்பொறிக்கு சர்வர் என்று பெயர். ஒரே ஒரு சர்வரை நம்பினால், அது பழுதாகும் நேரத்தில் ஊரே தவிக்கும். ஆகவே இரண்டு மூன்று சர்வர்களைச் சேர்த்து ஒன்றாக இயங்கச் செய்வார்கள். இதனைக் கொத்து எனலாம்.

கொத்தில் உள்ள சர்வர்கள் "நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்" என்று நொடிதோறும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு இதயத்துடிப்பு என்றே பெயர். ஒன்றின் துடிப்பு நின்றால் அது செய்துவந்த வேலையை அடுத்தது ஏற்றுக்கொள்ளும். இவற்றை மேய்க்கும் மென்பொருள் ஒன்றின் பெயர் பேஸ்மேக்கர். இதய நோயாளிகளின் மார்பில் பொருத்தும் கருவியின் பெயரும் அதுதான்!

இவற்றோடு கண்காணிப்பு மென்பொருள் என்ற ஒன்றும் உண்டு. ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சிறு ஒற்றன் அமர்ந்திருப்பான். வட்டில் இடம் குறைகிறதா, சூடு ஏறுகிறதா, வேலை தேங்குகிறதா என்று பார்த்து, நடுவே உள்ள ஒரு மையத்துக்குச் சொல்வான். மையம் அதனைக் குறிப்பேட்டில் பதியும். தேவையானால் பொறியாளரை எழுப்பும். எங்கள் தொட்டி மணியின் வேலையும் இதுவே.

நிறுத்தும் முறையும் தொடங்கும் முறையும்

காவலுக்கும் சில வேளை ஓய்வு தரவேண்டும். புதிய பதிப்பை நிறுவ வேண்டும். பழுது பார்க்க வேண்டும். தனி ஒரு கணிப்பொறியானால் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினால் போதும். கொத்திலோ அப்படிச் செய்ய இயலாது. பொறியாளர் சொல்லாமல் நிறுத்தினால், கொத்தை மேய்க்கும் மென்பொருள் "ஐயோ, காவலன் விழுந்துவிட்டான்!" என்று எண்ணி அவனை மறுபடி எழுப்பும், அல்லது வேறொரு சர்வரில் புதிய காவலனை நிறுத்தும். சில வேளை இரண்டு மையங்கள் ஒரே குறிப்பேட்டில் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கும். ஒரே அடுப்பில் இரண்டு பேர் தனித்தனியே உப்புப் போட்ட குழம்பின் கதைதான்!

ஆகவே முதலில், இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை காவல் இராது என்று உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அடுத்து, மேய்க்கும் மென்பொருளிடம் "இது பராமரிப்பு நேரம், நீ தலையிடாதே" என்று கட்டளையிட வேண்டும். பின்னர் ஒற்றர்களையும், அதன்பின் மையத்தையும், கடைசியாகக் குறிப்பேட்டையும் நிறுத்த வேண்டும். தொடங்கும்போது இதற்கு நேர்மாறு: முதலில் குறிப்பேடு, பிறகு மையம், பிறகு ஒற்றர்கள். எழுதக் குறிப்பேடு இல்லாதபோது ஒற்றன் ஓடிவந்து என்ன பயன்? இவையெல்லாம் முடிந்ததும் மேய்ப்பவனிடம் பொறுப்பைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். இறுதியாக, வேண்டுமென்றே ஒரு பொய் எச்சரிக்கையை எழுப்பி, அது உரியவரை எட்டுகிறதா என்று சோதிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் மறந்துவிடுகின்றனர்.

மறந்ததால் வந்த இருள்

2003 ஆகஸ்ட் 14. அமெரிக்காவில் மின்கட்டமைப்பின் ஒரு பெரும் பகுதியை மேற்பார்வை செய்யும் அமைப்பு ஒன்றில், கட்டமைப்பின் நிலையைக் கணித்துச் சொல்லும் மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக இயங்கிவந்தது. நண்பகலுக்குப் பின் அதில் ஒரு பிழை தோன்றியது. பொறியாளர் தானியங்கும் விசையை நிறுத்தி, பிழையைத் திருத்தினார். விசையைத் திரும்பப் போட மறந்து மதிய உணவுக்குப் போய்விட்டார். எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணனின் கதையேதான்!

அதே நாள் பிற்பகல் 2.14 மணிக்கு, ஓஹையோ மாநிலத்தின் ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தில் எச்சரிக்கை மென்பொருள் உறைந்து நின்றது. 2.41-க்கு முதன்மை சர்வர் விழுந்தது. வேலைகள் யாவும் மாற்று சர்வருக்கு மாறின. உறைந்த மென்பொருளும் உறைந்தபடியே அங்கே போயிற்று. 2.54-க்கு மாற்று சர்வரும் விழுந்தது. கணிப்பொறிப் பிரிவினர் சர்வரைத் திரும்ப இயக்கினர். ஆனால் எச்சரிக்கைகள் வருகின்றனவா என்று கட்டுப்பாட்டு அறையினரைக் கேட்கவில்லை. மின்கம்பிகள் மரங்களில் உரசி ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழக்க, அறையிலோ அமைதி நிலவியது. மாலை 4.10 அளவில் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர்.

நம் நாட்டு நிகழ்ச்சி வேறொரு பாடம் தருகிறது. 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையின் தேசியப் பங்குச் சந்தையில் தொலைத்தொடர்பு இணைப்புகளில் கோளாறு நேர்ந்தது. அதனை அடுத்து, வணிகத்தின் ஆபத்தை நொடிதோறும் கண்காணிக்கும் முறைமை செயலிழந்தது. காவல் இல்லாமல் வணிகம் நடத்துவது ஆகாது என்று முற்பகல் 11.40-க்கு வணிகமே நிறுத்தப்பட்டது. பிற்பகல் 3.45-க்குத் திரும்பத் தொடங்கி, வழக்கமான நேரத்தைக் கடந்து மாலை 5 மணி வரை நடந்தது. மாற்று நிலையத்துக்கு ஏன் மாறவில்லை என்று சந்தையை நெறிப்படுத்தும் செபி வாரியம் விளக்கம் கேட்டது. நட்டமும் தொல்லையும் பலருக்கு இருந்திருக்கும். எனினும் கண் தெரியாதபோது வண்டியை நிறுத்தியது சரியே. ஓஹையோவில் கண் தெரியவில்லை என்பதே தெரியாமல் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் செய்த மாற்றம்

தொட்டி நிரம்பி வழிந்த அந்த வாரமே எங்கள் விடுதியில் ஒரு சிவப்பு அட்டை செய்தோம். மணியை யார் நிறுத்தினாலும் அந்த அட்டையை மோட்டார் விசையின்மேல் தொங்கவிட வேண்டும். அட்டை தொங்கும்வரை மோட்டாரின் அருகே ஒருத்தி நாற்காலி போட்டு அமர்ந்திருப்பாள். மணியைத் திரும்ப இயக்கி, மிதவையைக் கையால் தூக்கி, மணியோசையை நாங்களே காதால் கேட்ட பிறகுதான் அட்டையைக் கழற்றலாம். சகோதரியார் இதனைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மறுநாள் சமையல் எரிவாயு அடைப்பானுக்கும் ஓர் அட்டை செய்யச் சொன்னார்.

எங்களுள் சிலர் நாளை கணிப்பொறி நிலையங்களில் பணியாற்றலாம். சிலர் மருத்துவமனையில் நோயாளியின் இதயத்துடிப்பைக் காட்டும் கருவியின் அருகே நிற்கலாம். சிலர் வீட்டில் தூங்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். எங்கே நின்றாலும், காவலை நிறுத்துமுன் ஒருவரிடம் சொல்வோம். தொடங்கிய பின் ஒருமுறை சோதித்துப் பார்ப்போம். எங்கள் தொட்டி மணி இப்போது நாள்தோறும் காலையில் ஒலிக்கிறது. அந்த ஓசை கேட்டால்தான் எங்களுக்கு நிம்மதி.