மஞ்சள் வாய் திறக்காத இடம்

அடுப்படி வேதியியல் – 6

வெள்ளைச் சீருடையில் சாம்பார் சிந்தினால் கறை மஞ்சளாக இருக்கும். துவைக்கிற கல்லில் போட்டுச் சோப்புத் தேய்த்ததும் அந்த இடம் மட்டும் செக்கச்செவேலென்று ஆகிவிடும். நன்றாக அலசினால் மறுபடியும் மஞ்சள். வெயிலில் காயப்போட்டால் போகப் போக வெளுத்துவிடும். நம் ஊரில் இதைப் பார்க்காத பிள்ளை அநேகமாக இருக்காது. அப்படியிருந்தும், அமிலம், காரம் பாடத்தைத் தொடங்கும் அன்று பல வகுப்புகளில் முதலில் வருவது கரும்பலகையில் ஓர் அட்டவணைதான். நீல லிட்மஸ் அமிலத்தில் சிவப்பாகும், சிவப்பு லிட்மஸ் காரத்தில் நீலமாகும், மஞ்சள் காரத்தில் சிவப்பாகும். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், மனப்பாடம் செய்கிறார்கள், பரீட்சையில் ஒப்பிக்கிறார்கள். தன் சட்டையில் பார்த்ததும் இதுவும் ஒன்றுதான் என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

சென்ற வாரம் புளிப்புச் சுவையைப் பார்த்தோம். புளி, எலுமிச்சை, மோர், புளிச்சக்கீரை எல்லாவற்றிலும் ஏதோ ஓர் அமிலம் இருக்கிறது என்று முடித்தோம். இந்த வாரம் நாக்குக்கு ஓய்வு கொடுப்போம். வீட்டில் இருக்கும் பொருள்களில் வாயில் வைக்கக்கூடாதவைதான் அதிகம். அவற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள நிறம்தான் வழி.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் அதிலுள்ள குர்குமின். காரம் பட்டால் அதன் மூலக்கூறு ஒரு ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கிறது. அதனால் அது உறிஞ்சும் ஒளி மாறுகிறது, நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. சலவைச் சோப்பு காரத்தன்மை கொண்டது. அலசும்போது சோப்பு போய்விடுவதால் பழைய நிறம் திரும்பி வருகிறது. கல்யாணத்தில் ஆரத்தி கரைப்பதும் இதே வேலைதான். மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலந்ததும் தட்டு முழுக்கச் சிவக்கிறது. மஞ்சளோடு சுண்ணாம்போ வெண்காரமோ சேர்த்துக் குங்குமம் செய்யும் பழைய முறைக்கும் அடிப்படை அதுவே. ஆரத்தித் தண்ணீரில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள். சிவப்பு கலைந்து மஞ்சள் மேலே வரும். பிள்ளைகள் இதைப் பார்த்ததும் மறுபடி சுண்ணாம்பு போடச் சொல்வார்கள், பிறகு மறுபடி எலுமிச்சை. அவர்கள் கேட்கிற வரைக்கும் செய்து காட்டுங்கள்.

இனி மஞ்சள் காகிதம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து, மை உறிஞ்சும் தாளிலோ வெள்ளை டிஷ்யூ தாளிலோ தடவிக் காயவைத்து, விரல் அகலத்துக்கு வெட்டிக்கொண்டால் போதும். சோப்புத் தண்ணீரில் தோய்த்தால் சிவப்பு. ஆப்பசோடா கரைசலில் செம்மஞ்சள் கலந்த சிவப்பு. எலுமிச்சைச் சாறு விட்டால்?

"டீச்சர், எனக்கு ஒண்ணுமே ஆகல."

இந்தப் பாடத்தின் மிக நல்ல கணம் இதுதான். இதைத்தான் நாம் அவசரப்பட்டுக் கெடுத்துவிடுகிறோம். "மாறலைன்னா அது அமிலம்னு எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறோம். அது தவறு. பக்கத்தில் ஒரு டம்ளரில் குடிதண்ணீரை வைத்து அதில் இன்னொரு துண்டைத் தோய்க்கச் சொல்லுங்கள். அதுவும் மஞ்சளாகவே இருக்கும். உப்புத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், எல்லாம் மஞ்சள்தான். அப்படியானால் மஞ்சள் மாறாததை வைத்து நாம் என்ன சொல்ல முடியும்? இது காரம் இல்லை என்று மட்டும்தான். அமிலமா, இரண்டும் இல்லாததா என்ற கேள்விக்கு மஞ்சள் வாய் திறக்காது. ஒரு கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொள்வது அட்டவணையை விடப் பெரிய படிப்பு. அதைப் பத்துப் பன்னிரண்டு வயதில் கற்றுக்கொள்ள மஞ்சள்தூளை விட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கொஞ்ச நேரம் பொறுமையாக விட்டால் வகுப்பில் யாராவது ஒருவருக்கு ஆரத்தி நினைவுக்கு வரும். சிவந்த காகிதத்தில் எலுமிச்சையை விட்டால் என்ன? சோப்புத் தண்ணீரில் சிவக்கவைத்த துண்டை எடுத்து ஒரு சொட்டுச் சாறு விட்டால், சொட்டு விழுந்த இடத்தில் வட்டமாக மஞ்சள் தெரியும். ஆக, சிவந்த காகிதம் அமிலத்தைக் காட்டும் என்று எல்லோரும் மகிழ்ச்சியாக எழுதத் தொடங்குவார்கள். அங்கே மறுபடியும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். சட்டையைத் தண்ணீரில் அலசினபோதும்தானே சிவப்பு போய் மஞ்சள் வந்தது? அப்படியென்றால் இங்கே நிறத்தை மாற்றியது எலுமிச்சையா, சாற்றில் இருக்கிற தண்ணீரா?

அதே சிவந்த துண்டின் ஒரு முனையில் ஒரு சொட்டு எலுமிச்சை, மறு முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர். ஒரே ஃபில்லர், நன்றாகக் கழுவிவிட்டு. தண்ணீர் விழுந்த இடம் கொஞ்சம் வெளிறலாம், அவ்வளவுதான். சாறு விழுந்த இடம் உடனே மஞ்சள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றை வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. எலுமிச்சையைப் பற்றி ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைத்தான் உறுதி செய்திருக்கிறோம். ஆனால் 'எனக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்விக்கு இப்போது அவர்களிடம் சொந்தமாக ஒரு பதில் இருக்கிறது.

அமிலத்துக்கும் காரத்துக்கும் வேறு வேறு நிறம் காட்டுகிற நிறங்காட்டி வேண்டுமென்றால் செம்பருத்தி இருக்கிறது. கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டியதுகூட இல்லை. நாட்டுச் செம்பருத்தியின் இதழை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் சிவப்புப் பூவிலிருந்து ஊதாச் சாயல் விழும். அந்தத் தீற்றலின் மேல் எலுமிச்சையை விட்டால் இளஞ்சிவப்பு, சோப்புத் தண்ணீரை விட்டால் பச்சை. சங்குப்பூ இன்னும் அழகு. வெந்நீரில் போட்டால் நீலச் சாறு, அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவும் ரோஜா நிறமும், ஆப்பசோடா போட்டால் பச்சைச் சாயல். 1664-இல் ராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி எழுதிய நூலில் செய்ததும் இதைப் போன்றதுதான். அவரிடம் இருந்தது வயலட் பூவின் பாகு. அமிலங்கள் அதைச் சிவப்பாக்கின, காரங்கள் பச்சையாக்கின. பள்ளி வேலியோரம் படர்ந்திருக்கும் கொடியை வைத்து நம் பிள்ளைகள் அந்தச் சோதனையை முழுசாகச் செய்துவிடலாம்.

இப்போது பொருள்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆசிரியர் பட்டியல் கொடுக்காமல் அவர்களே யோசித்துக் கொண்டுவருவது நல்லது. குளியல் சோப்பு, சலவை சோப்பு, ஷாம்பு மூன்றும் கட்டாயம் வரும். மூன்றும் நுரைக்கின்றன, மூன்றும் அழுக்கைப் போக்குகின்றன, ஆகவே மூன்றும் காரம் என்று பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஆனால் பெரும்பாலான ஷாம்புகள் மஞ்சளைச் சிவக்க வைப்பதில்லை. அவை நடுநிலைக்கு அருகிலோ லேசான அமிலத்தன்மையிலோ இருக்கும்படிதான் தயாரிக்கப்படுகின்றன. நுரைக்கும் காரத்தன்மைக்கும் தொடர்பில்லை என்பது அப்போதுதான் தெரியவரும். விறகடுப்பு இருக்கிற வீட்டுப் பிள்ளை சாம்பல் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்தால் அந்தத் தெளிவு மஞ்சளைச் சிவப்பாக்கும். பாட்டிமார் எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தைச் சாம்பலாலும், களிம்பேறிய பித்தளைக் குத்துவிளக்கைப் புளியாலும் துலக்கினார்கள். பிசுக்குக்குக் காரம், களிம்புக்கு அமிலம். இரண்டையும் அவர்கள் மாற்றிப் போட்டதில்லை.

மேல்வகுப்பு ஆய்வுக்கூடத்தில் பியூரெட் வைத்துச் செய்யும் தரம் பார்த்தலை ஏழாம் வகுப்பிலேயே ஒரு இங்க் ஃபில்லரால் செய்துவிடலாம். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைப் பெரியவர் ஒருவர் பாட்டில் தண்ணீரில் கலக்கி, இரவு முழுக்கத் தெளியவைத்து, மேல்தெளிவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் ஒன்றரை கிராம் சுண்ணாம்புதான் கரையும். கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவில் சிட்டிகை மஞ்சள் போட்டால் சிவப்பு. அதில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கலக்கி, எண்ண வேண்டும். முதல் சொட்டுகள் விழுந்த இடத்தில் மஞ்சள் தோன்றிக் கலக்கியதும் மறையும். பிறகு மறைய நேரம் எடுக்கும். ஏதோ ஒரு சொட்டில் டம்ளர் முழுக்க மஞ்சளாகிவிடும், கலக்கினாலும் சிவப்பு வராது. இனி அதே சாற்றில் சம அளவு தண்ணீர் கலந்து, அதே அளவு சுண்ணாம்புத் தெளிவில் திரும்பச் செய்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு சொட்டு ஆகும். எத்தனை சொட்டு என்பது பழத்துக்குப் பழம் மாறும், இரண்டு மடங்கு என்பது மாறாது. நடுநிலையாக்கல் என்பது அளவுக்கு அளவு நடக்கிற கணக்கு என்று விரல் விட்டு எண்ணியே தெரிந்துகொள்கிறார்கள்.

இந்தப் பாடத்தில் ஒரு விஷயத்தை மட்டும் பிள்ளைகளின் கண்டுபிடிப்புக்கு விடக்கூடாது, நேராகச் சொல்லிவிட வேண்டும். அமிலம் என்றால் ஆபத்து, காரம் என்றால் சாது என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலோர் வளர்கிறார்கள். கண்ணைப் பொறுத்தவரை உண்மை பெரும்பாலும் தலைகீழ். பல அமிலங்கள் படும்போது மேல்திசுவின் புரதம் உறைந்து, உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். காரம் அப்படி நிற்காது, திசுவின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். புகையிலையோடு சேர்க்க விற்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளைகள் விளையாட்டாக அழுத்தி, அது வெடித்துக் கண்ணில் தெறித்த சம்பவங்களை நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பார்வை போன பிள்ளைகளும் உண்டு. அதனால் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், தெளிவை மட்டும் கொடுங்கள். தண்ணீர் பட்டால் கொதிக்கும் கற்சுண்ணாம்பு வகுப்புக்குள் வரவே கூடாது. கண்ணில் எது தெறித்தாலும் வேறு எதையும் யோசிக்காமல் குழாய்த் தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவ வேண்டும், பிறகு உடனே மருத்துவமனை. காரம் பட்டதற்கு எலுமிச்சை விடலாமே என்று நடுநிலையாக்கல் படித்த பிள்ளை கேட்கும். கூடாது, தண்ணீர் மட்டும்தான்.

வீட்டில் சொல்லவேண்டிய இன்னொன்று: கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டக்கூடாது. அதிலிருந்து குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இதைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் சொல்லட்டும். இந்தப் பாடத்தில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும்.

எறும்பு கடித்த இடத்தில் ஆப்பசோடா தடவினால் ஃபார்மிக் அமிலம் நடுநிலையாகும் என்று பாடநூல்கள் சொல்வதுண்டு. நான் அதை உதாரணமாகச் சொல்வதில்லை. எல்லா எறும்பின் விஷமும் ஃபார்மிக் அமிலம் இல்லை. தோலுக்கு உள்ளே போனதை மேலே தடவுவது எட்டுமா என்பதும் கேள்விதான். ஹைட்ரஜன் அயனி, பி.எச். அளவீடு இரண்டும் இந்த வயதுக்கு அவசரமில்லை. கேட்கிற பிள்ளைக்கு, 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுபான நிறுவனத்தின் ஆய்வகத்தில் சோரன்சென் என்ற வேதியியலாளர் அந்த அளவீட்டைக் கொடுத்தார், அதில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்று சொல்லலாம்.

ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் முப்பது ஆண்டுகள் நடந்தது. நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. சாதாரணக் கிராமப் பள்ளிகள், சாதாரண ஆசிரியர்கள். பிள்ளைகள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து தாங்களே சோதனை செய்தார்கள். பரீட்சைக்குப் புத்தகத்தை எடுத்துப் போகலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. அட்டவணையை மனப்பாடம் செய்ய அங்கே அவசியமே இல்லாமல் போனது. 2002-இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியது, அது பெரிய இழப்பு. நம் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்கு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் சோதனைகளை வகுப்பறைக்கே கொண்டுவருகிறது. அங்கே என் ஒரே வேண்டுகோள், ஃபில்லர் பெரியவர் கையில் இல்லாமல் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும் என்பதுதான்.

அடுத்த இதழுக்குள் ஒரு வேலை. ஒரு முட்டையை உடைக்காமல் கண்ணாடி டம்ளரில் வைத்து, மூழ்கும் அளவுக்கு வினிகர் ஊற்றுங்கள். முட்டை புழங்காத வீட்டில் கடற்கரைக் கிளிஞ்சல் ஒன்று போதும். ஒரு நாள் கழித்து வினிகரை மாற்றுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் ஓட்டின் மேல் என்ன தெரிகிறது, மறுநாள் காலையில் தொட்டால் எப்படி இருக்கிறது, இரண்டையும் பிள்ளையே தன் கையால் எழுதி வைக்கட்டும். அந்தக் குமிழிகளில் இருப்பது என்ன வாயு என்று சுண்ணாம்புத் தெளிவை வைத்தே கண்டுபிடிக்கலாம். மிச்சமிருக்கும் தெளிவைக் கீழே ஊற்றிவிடாமல் பாட்டிலை இறுக மூடிப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

(தொடரும்)