நாய்தானே என்று சொல்லாதீர்கள்!

செல்லூரில் ஒரு சந்து. எதிரே ஒரு சைக்கிள் வந்தால் நாம் சுவரோரம் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்தச் சந்தில் ஒரு நெசவாளர் வீடு. மாலை ஐந்து மணி ஆகிவிட்டால் அந்த வீட்டுப் பையன் கையில் இரண்டு பிஸ்கட்டுடன் சந்து முனைக்குப் போய் நிற்பான். வயது எட்டு.

யாருக்காகக் காத்திருக்கிறான்? மணிக்காக.

மணி ஒரு நாய். சாதாரண நாட்டு நாய். பையன் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பே அந்த வீட்டுக்கு வந்தது. பகலெல்லாம் தறிக்கு அருகே படுத்திருக்கும். இரவில் வாசற்படியில் காவல் இருக்கும். வயதாகி, சிறுநீரகம் கெட்டு, ஒரு நாள் இரவு வீட்டு அம்மாளின் மடியில் தலை வைத்தபடியே உயிரை விட்டது.

பையன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான். விடியுமுன் தகப்பனார் மணியை ஒரு பழைய வேட்டியில் சுற்றி எடுத்துப் போனார். அலங்காநல்லூர்ப் பக்கம் மைத்துனர் தோப்பில் புதைத்துவிட்டுத் திரும்பினார். காலையில் பையன் கேட்டபோது, "எங்கேயோ ஓடிப் போச்சுடா. வந்துரும்" என்றார்.

பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார். பையன் அதை நம்பிவிட்டான். அதனால்தான் தினமும் பிஸ்கட்டுடன் காத்திருக்கிறான்!

வேறு வேலையாக அந்த வீட்டுக்குப் போயிருந்த நான், இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அழக்கூட இடமில்லை

அந்த அம்மாளின் பாடு இன்னும் மோசம். சோறு வடிக்கும்போது மணிக்கும் ஒரு பிடி சேர்த்து அரிசி போட்டுவிடுகிறார். வாசற்படியைத் தாண்டும்போது, அங்கே மணி படுத்திருப்பதாக எண்ணி ஒதுங்கிக் கால் வைக்கிறார்.

"பக்கத்து வீட்டுக்காரங்க, 'என்னக்கா இது, மனுஷங்களே போறாங்க. நாய்தானே! வேற ஒரு குட்டி வாங்கிட்டாப் போச்சு'ன்னு சொல்றாங்க. அவங்க முன்னால அழ வெட்கமா இருக்கு. வெங்காயம் உரிக்கிற சாக்குல அழுதுக்கிறேன்" என்றார் அவர்.

மனிதர் இறந்தால் உறவினர் வருகிறார்கள். அக்கம் பக்கத்தார் காப்பி கொண்டு வந்து கொடுக்கிறார்கள். வேலைக்கு லீவு கிடைக்கிறது. காரியம், கருமாதி என்று துக்கத்தை இறக்கி வைக்க நாட்கள் இருக்கின்றன. நாய்க்கோ பூனைக்கோ இவற்றில் ஒன்றும் கிடையாது. ஆனால் துக்கம் மட்டும் வந்துவிடுகிறது.

அமெரிக்காவைச் சேர்ந்த கென்னத் டோக்கா என்ற அறிஞர், உலகம் ஒப்புக்கொள்ளாத இப்படிப்பட்ட துயரங்களைப் பற்றி 1989-ல் ஒரு நூலை வெளியிட்டார். 'உரிமை மறுக்கப்பட்ட துக்கம்' என்பது அவர் அதற்கு வைத்த பெயரின் பொருள். பிறரிடம் சொல்லி அழ முடியாத துக்கம் ஆறுவதற்கு நாளாகும் என்பது நம் பாட்டிமார்களுக்கும் தெரிந்ததுதான்.

மதுரைக்குப் புதிதல்ல

பிராணிக்காக வருந்துவது பட்டணத்து நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. நம் ஊர் வழக்கத்தைப் பாருங்கள்.

மதுரைச் சொக்கநாதரின் திருவிளையாடல்களில் ஒன்று நாரைக்கு முத்தி கொடுத்தது. இன்னொன்று, தாயை இழந்த பன்றிக் குட்டிகளுக்கு இறைவனே தாய்ப் பன்றியாக வந்து பால் கொடுத்தது. பன்றிக் குட்டியின் பசியையும் தெய்வம் பொருட்படுத்தியது என்று நம் முன்னோர் நம்பினார்கள்.

மணியைப் புதைத்த அலங்காநல்லூர்ப் பக்கத்தில் ஜல்லிக்கட்டுக் காளை இறந்தால், மாலை போட்டு, கொட்டு முழக்கத்தோடு ஊரே கூடி அடக்கம் செய்வது வழக்கம். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், அங்குள்ள முடுவார்பட்டியில் 'மூளி' என்ற கோயில் காளை இறந்தது. வீட்டை விட்டு வெளியே வரக் கூடாத காலம். என்றாலும் பெருங்கூட்டம் திரண்டுவிட்டது! போலீசார் வழக்குப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில் கூடியது சரியல்லதான். ஆனால் அது எவ்வளவு பெரிய பாசம் என்பதை மறுக்க முடியாது.

இன்னும் பின்னே போவோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் வைத்த ஒரு நடுகல் கிடைத்திருக்கிறது. வீரன் ஒருவன் சண்டையில் இறந்தான். அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது. கல்லில் வீரனோடு நாயின் உருவத்தையும் செதுக்கி, 'கோவிவன்' என்ற அதன் பெயரையும் வெட்டி வைத்தார்கள். சுமார் 1,400 ஆண்டுகள் ஆகியும் அந்தப் பெயர் அழியவில்லை.

மகானும் பசுவும்

1896-ல் மதுரையில், மீனாட்சி கோயிலுக்கு அருகே ஒரு வீட்டில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் மரண பயத்தை வென்றான். அவர்தான் பின்னாளில் ரமண மகரிஷி. மரணத்துக்கு அஞ்சாத அந்த மகான், ஒரு பசுவின் மரணத்தின்போது என்ன செய்தார் தெரியுமா?

திருவண்ணாமலை ஆசிரமத்தில் லட்சுமி என்ற பசு இருந்தது. 1948 ஜூன் 18-ல் அது இறக்கும் தறுவாயில் இருந்தபோது ரமணர் அருகே போய் அமர்ந்தார். அதன் தலையிலும் மார்பிலும் கை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஆசிரமத்திலேயே அதற்குச் சமாதி எழுப்பினார்கள். வள்ளி என்ற மான், ஜாக்கி என்ற நாய், ஒரு காகம் ஆகியவற்றின் சமாதிகளும் பக்கத்திலேயே உள்ளன. இன்றும் போகிறவர்கள் பார்க்கலாம்.

பற்றை விட்ட துறவியே அப்படி இருந்தார் என்றால், குடும்பஸ்தர்களாகிய நாம் நாய்க்காக அழுவதில் என்ன வெட்கம்?

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, குழந்தையிடம் உண்மையைச் சொல்லுங்கள். 'ஓடிப் போச்சு' என்றால், 'நம்மைப் பிடிக்காமல் போய்விட்டதோ' என்று பிள்ளை ஏங்கும். 'தூங்குகிறது' என்றால், தூங்கவே பயப்படும். 'இறந்துவிட்டது, இனி வராது' என்று மெதுவாகச் சொல்லி, அழ விடுங்கள். நீங்களும் கூட அழுதால் குற்றமில்லை.

இரண்டாவது, மரியாதையாக அடக்கம் செய்யுங்கள். வைகையிலோ குப்பையிலோ போடாதீர்கள். கிணறு, கண்மாய் இல்லாத இடத்தில், பிற நாய்கள் தோண்ட முடியாதபடி ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். இடமில்லாதவர்கள் மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவினரைக் கேட்கலாம். வெறிநோய் என்ற சந்தேகம் இருந்தால் உடலைத் தொடாதீர்கள். கால்நடை டாக்டரிடம் சொல்லுங்கள். அது கடித்தவர்கள் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, அவசரப்பட்டு வேறு குட்டி வாங்காதீர்கள். உடைந்த பானைக்குப் பதில் பானை வாங்குவது போன்றதல்ல இது. மனம் ஆறட்டும்.

நான்காவது, அக்கம் பக்கத்தாருக்கு: ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'நாய்தானே' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தோப்பில் ஒரு செடி

சில நாள் கழித்து அந்த வீட்டுக்கு மறுபடியும் போனேன். தகப்பனார் பையனிடம் உண்மையைச் சொல்லிவிட்டிருந்தார். பையன் ஓவென்று அழுதானாம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டானாம்:

"அதுக்கு வலிச்சுச்சாப்பா?"

"இல்லடா. உங்கம்மா மடியிலதான் தலை வச்சிருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் பஸ் ஏறித் தோப்புக்குப் போனார்கள். புதைத்த இடத்தில் ஒரு நந்தியாவட்டைச் செடி நட்டார்கள். பையன் தன் பையிலிருந்த இரண்டு பிஸ்கட்டை எடுத்து அங்கே வைத்தான்.

இப்போது மாலை ஐந்து மணிக்கு அவன் சந்து முனையில் நிற்பதில்லை. மற்றப் பிள்ளைகளோடு விளையாடப் போகிறான். அந்த அம்மாளும் வெங்காயத்தைத் தேடுவதில்லை. அழுகை வந்தால் கூடத்திலேயே உட்கார்ந்து அழுகிறார். பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.