கிறித்தவர் வேதவிதி மாறுமோ என்னும் விசாரணை

ஒரு நூல் இறைவன் திருவாக்கென்று கொள்ளப்படின், அதன்கண் விதிக்கப்பட்டது பிற்காலத்து ஒழிதல் கூடுமோ என்னும் வினா எழுதல் இயல்பே. கூடுமெனின், விதித்தவன் பின் நிகழ்வதனை முன்னறியாது விதித்தான் என்னுங் குற்றந் தங்கும். கூடாதெனின், இன்று அவ்விதியைக் கைக்கொள்ளாதார் அனைவரும் விதி இகந்தவராவர். இவ்விரண்டற்கும் இடையே கிறித்தவ ஆசிரியர் ஈராயிரம் ஆண்டுகளாக வழி தேடி வந்தனர். அவரெல்லாரும் ஒரு வழியே கொண்டாரெனக் கருதிப் பேசுவார் நம்மவருள்ளும் பலர், அது பிழை. பரபக்கங் கூறுவார் பிறர் கொள்கையை அவர் கொண்டவாறே அறிந்து கூறல் வேண்டுமாதலின், ஈண்டு இரண்டு விதிகளை மட்டும் எடுத்து ஆராய்வாம்.

மத்தேயு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்திலே, தாம் நியாயப்பிரமாணத்தை அழிக்க வந்தவரல்லர், நிறைவேற்ற வந்தவரே என்று இயேசு கூறுகின்றார். வழக்கு முழுதும் இந்த 'நிறைவேற்றல்' என்னுஞ் சொல்லின் பொருளிலே அடங்கிற்று. கடன் தீர்ந்தபின் முறி செல்லாதவாறுபோல நிறைவேறிய விதி ஒழிந்தது என்பார் ஒருசாரார். வித்து மரமாயினாற்போல நிறைவேறிய விதி முன்னினும் வலியுற்று நின்றது என்பார் மற்றொருசாரார். கி.பி. 144 அளவில் உரோமைச் சபையினின்றும் பிரிந்த மார்க்கியோன் என்பான், மோசேக்கு விதி கொடுத்த கடவுள் வேறு, இயேசுவின் தந்தையாகிய கடவுள் வேறு என்று கூறிப் பழைய ஏற்பாட்டினையே தள்ளிவிட்டான். இஃது எளிய வழியே. ஆயினும் கடவுளை இருவராக்குதலின் சபையார் இதனை ஏற்றிலர்.

பெரும்பாலார் கைக்கொண்ட வழி விதிகளைப் பகுத்தலாம். 13ஆம் நூற்றாண்டினராகிய தோமா அக்குவினாஸ், மோசேயின் விதிகளை ஒழுக்கவிதி, சடங்குவிதி, நீதிவிதி என மூவகைப்படுத்தி, முதலாவது என்றும் நிற்கும், ஏனை இரண்டும் கிறிஸ்து வருகையோடு ஒழிந்தன என்றார். 1646இல் இங்கிலாந்தில் இயற்றி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் இம்மூன்று பகுப்பினையே ஆள்கின்றது. பகுப்பு நன்றே. ஆயினும் மூலநூல் தன் விதிகளை அவ்வாறு பெயரிட்டுப் பிரித்து வைத்திலது. லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்திலே, தன்னைப்போற் பிறனையும் நேசிக்க என்னும் விதி 18ஆம் வசனத்தில் நிற்கின்றது. இருவகை நூல் கலந்து நெய்த ஆடையை உடுத்தலாகாது என்னும் விதி அதனை அடுத்த வசனத்திலேயே நிற்கின்றது. ஒன்றனை என்றுமுள்ளதென்றும் மற்றொன்றனை ஒழிந்ததென்றுங் கொள்பவர், அவ்வேறுபாட்டினை உரையினாலன்றி மூலத்தினாற் காட்டல் அரிது.

இவ்வருமை ஓய்வுநாள் விதியிலே நன்கு புலப்படும். இது பத்துக் கற்பனைகளுள் ஒன்று. இதனைக் கத்தோலிக்கரும் லுத்தர் வழியினரும் மூன்றாவதென்றும், கால்வின் வழியினர் நான்காவதென்றும் எண்ணுவர். எண்ணுமுறையிலேயே ஒருமை இல்லை! பத்தும் ஒழுக்கவிதியாயின் ஏழாம் நாளாகிய சனிக்கிழமையே ஓய்வுநாளாதல் வேண்டும். பெரும்பாலார் கொண்டாடுவதோ ஞாயிற்றுக்கிழமை. இனி, விதிக்குக் கூறப்பட்ட ஏதுவும் இரண்டாகும். யாத்திராகமம் 20ஆம் அதிகாரம், இறைவன் ஆறு நாளிற் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தமையை ஏதுவாகக் கூறும். உபாகமம் 5ஆம் அதிகாரமோ, இஸ்ரவேலர் எகிப்தில் அடிமைகளாயிருந்து மீட்கப்பட்டமையை ஏதுவாகக் கூறும். முன்னையது மக்கள் யாவர்க்கும் பொது. பின்னையது ஒரு குலத்தார்க்கே உரியது. எந்த ஏதுவை முதன்மையாகக் கொள்கின்றோம் என்பதனைப் பொறுத்தே முடிபும் வேறாகும்.

தோமா, ஓய்வுக்கென ஒரு காலத்தை ஒதுக்குதல் ஒழுக்கவிதி, அது இன்ன நாளென்றல் சடங்குவிதி என்று ஒரு விதியையே இரண்டாகப் பிளந்தார். நாள் மாறியதே சபையின் அதிகாரத்திற்குச் சான்று என்று உரோமைச் சபையார் வாதித்தபோது, 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 28ஆம் உறுப்பிலே லுத்தர் வழியினர், ஓய்வுநாளை நீக்கியது சபையன்று, வேதமே என்றும், ஞாயிறு மக்கள் கூடுதற்கென வசதிபற்றி அமைந்த நாளேயென்றும் விடுத்தனர். வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையோ, நாள் மாறினும் விதி உலக முடிவுகாறும் நிற்கும் என்றது. 1863இல் அமெரிக்காவில் அமைந்த ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபையார், மாற்றுதற்கு எவர்க்கும் அதிகாரமில்லையெனச் சனிக்கிழமையையே கொண்டனர். எத்தியோப்பியத் திருச்சபையிலே இவ்வழக்கு நெடுங்காலம் நிகழ்ந்து, சாரா யாக்கோபு என்னும் அரசன் காலத்து 1450இற் கூடிய சங்கத்தில் இரண்டு நாளும் கொள்ளத்தக்கன என முடிந்தது. எனக்கு இம்முடிபு வியப்பளித்தது. விடுவதினும் கூட்டிக்கொள்ளுதல் அச்சமற்றது என்று கருதினர்போலும்.

அற்றேல், மாறியது பழைய ஏற்பாட்டு விதியே. புதிய ஏற்பாட்டிற் கூறியது மாறாது என்று கொள்ளலாமோ எனின், அதுவும் ஆகாது. புறஜாதியாருள் நம்பினோர் விருத்தசேதனம் பெறல் வேண்டுமோ என்னும் வழக்கினைத் தீர்க்க எருசலேமில் அப்போஸ்தலர் கூடினர். அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம் இதனை விரிக்கின்றது. வேண்டாவென முடிவு செய்த அவர், விக்கிரகங்கட்குப் படைத்தது, இரத்தம், கழுத்து நெரித்துக் கொன்றது, வேசித்தனம் என்னும் நான்கினை மட்டும் விலக்கினர். இவற்றுள் இறுதியதன் விலக்கு என்றும் உள்ளதென்பதில் எவர்க்கும் ஐயமில்லை. இரத்தமோ மோசேக்கும் முற்பட்ட நோவாவிற்கே விலக்கப்பட்டது என்று ஆதியாகமம் 9ஆம் அதிகாரம் கூறும்; ஆதலின் அது மோசேயின் சடங்கோடு ஒழிந்ததெனலும் எளிதன்று.

ஆயினும் ஏறத்தாழ 400ஆம் ஆண்டில் அகுஸ்தீன், யூதரும் புறஜாதியாரும் ஒரு சபையாய்க் கூடுங் காலத்துக்கு அவ்விலக்கு ஏற்றதாயிற்றென்றும், தம் காலத்தில் அதற்கு அஞ்சுவாரைப் பிறர் நகைப்பரென்றும் எழுதினார். கீழைச் சபையார் இதற்கு மாறாக, 692இல் கான்ஸ்டாண்டினோபிளிற் கூடிய துருல்லோ சங்கத்தின் 67ஆம் விதியிலே, இரத்தம் உண்ணுங் குருவைப் பதவி நீக்கவும், பிறரைச் சபைக்குப் புறம்பாக்கவும் கட்டளையிட்டனர். 1442இல் புளோரன்ஸ் சங்கம், ஏது ஒழிந்தமையின் அதன் பயனாகிய விலக்கும் ஒழிந்ததெனத் துணிந்தது. ஒரே வசனம், இருவேறு முடிபு.

மூன்றாவது முடிபும் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் எனப்படுவார், திரித்துவத்தை ஏலாமையிற் பிற சபையாராற் கிறித்தவரென ஒப்பப்படாதவர். அவர் 1945 முதல், அவ்வசனத்து விலக்கு வாயால் உண்ணுதற்கு மட்டுமன்று, ஒருவர் குருதியைப் பிறர் உடலிற் செலுத்தும் சிகிச்சைக்கும் ஆம் என்றனர். 1961 முதல் அதனை ஏற்று வருந்தாதாரைச் சபையினின்றும் நீக்கலாயினர். குருதி ஏற்றாவிடின் பிழையாத நோயாளரும் இவ்விலக்கினை மேற்கொண்டு இறந்துள்ளனர். பெற்றோர் மறுத்தவழிச் சிறுபிள்ளைகளைக் காத்தற்பொருட்டு அமெரிக்கா முதலிய நாடுகளில் நீதிமன்றங்கள் இடைப்புகுந்து, குருதி செலுத்துமாறு மருத்துவர்க்கு ஆணையிட்டன.