மூட்டு மாற்று அறுவை: மாறுவது எது, மாறாதது எது?

நிற்கவும் நடக்கவும் துணையாய் இருக்கும் மூட்டுகளை, அவை வலிக்கத் தொடங்கும் நாள்வரை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. வலி வந்தபின்னோ வேறு நினைவே இருப்பதில்லை. நம் வீட்டு முதியோர் பலர், "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே முதலில் கோயிலுக்குப் போவதை விடுகின்றனர், பிறகு கடைவீதியை, பிறகு பக்கத்து வீட்டை. கடைசியில் திண்ணையே அவர்களது உலகமாகிவிடுகிறது. அந்நிலையில் மருத்துவர், "மூட்டு மாற்று அறுவை செய்துகொள்ளலாம்" என்றால் வீடே கலங்கிப்போகிறது. அந்த அறுவையில் உண்மையில் நடப்பது என்ன என்பதை, விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையிலும், என் அப்பத்தாவுக்குத் துணையாக அரசு மருத்துவமனையில் தங்கியிருந்தவன் என்ற முறையிலும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

தேய்வது எது?

முழங்காலில் தொடையெலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கின்றன. அவற்றின் முனைகளைச் சில மில்லிமீட்டர் கனமுள்ள வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இதில் நரம்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. நரம்பு இல்லாததால் தேயத் தொடங்கும்போது நமக்குத் தெரிவதில்லை. இரத்த ஓட்டம் இல்லாததால் தேய்ந்தது எளிதில் வளர்வதுமில்லை. முற்றிலும் தேய்ந்தபின் எலும்பும் எலும்பும் உராய்கின்றன. வலியால் நடை குறைகிறது. நடை குறைவதால் தொடைத் தசை மெலிகிறது. தசை மெலிவதால் மூட்டின் சுமை கூடி, வலி மேலும் பெருகுகிறது.

சமதளத்தில் நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு சுமை விழுகிறது. ஆகவே ஐந்து கிலோ எடையைக் குறைத்தால் மூட்டுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் பாரம் குறையும். எடைக் குறைப்பு, தொடைத் தசைக்குப் பயிற்சி, வலி மாத்திரை, வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் ஓர் ஊன்றுகோல் ஆகியவையே முதல் மருத்துவம். இவை பயன்படாமல், இரவிலும் வலி உறங்கவிடாமல், அன்றாட வேலையே முடங்கும்போதுதான் அறுவை பற்றி நினைக்க வேண்டும். எக்ஸ்ரே படம் மட்டும் பார்த்து எடுக்கும் முடிவன்று இது.

கடந்து வந்த பாதை

செயற்கை மூட்டு நேற்றுத் தோன்றியதன்று. 1890-இல் பெர்லின் நகரில் தெமிஸ்டோக்ளீஸ் குளூக் என்னும் மருத்துவர், காசநோயால் அழிந்த முழங்காலுக்கு யானைத் தந்தத்தால் கீல் செய்து பொருத்தினார். நோய்த்தொற்று அம்முயற்சியைத் தோற்கடித்தது.

பின்னர் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டை ஆராய்ந்தார். எஃகுப் பந்தும், அது சுழல டெஃப்லான் கிண்ணமும் அமைத்தார். இன்று நம் வீட்டுத் தோசைக்கல்லில் ஒட்டாமலிருக்கப் பூசப்படும் அதே டெஃப்லான்தான். நோயாளிகள் முதலில் நன்றாக நடந்தனர். சில ஆண்டுகளில் கிண்ணம் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியிருந்த திசுக்களை அழற்றின. சார்ன்லி மனந்தளரவில்லை. பாலிஎத்திலீன் என்னும் வேறொரு பிளாஸ்டிக்கை ஆய்ந்தார். இரு பொருள்களையும் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு எது தீங்கு செய்கிறது என்று பார்த்தார். 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்தைப் பொருத்தினார். அது நிலைத்தது. எலும்போடு உலோகத்தைப் பிடித்து நிறுத்த அவர் பயன்படுத்திய அக்ரிலிக் சிமெண்டு, பல் மருத்துவர்கள் ஏற்கெனவே கையாண்டு வந்த பொருள். முழங்கால் மாற்று இதன் அடியொற்றி 1970-களில் வளர்ந்தது.

மாறுவது எது?

எங்கள் அப்பத்தாவிடம் அறுவை பற்றிப் பேசியபோது, "காலை வெட்டிப்புட்டு இரும்புக் காலு மாட்டுவாகளாமே, அதோட என்னையத் தூக்கி வெப்பீகளா?" என்று கேட்டார்கள். "மாற்று" என்ற சொல்லே இந்த அச்சத்தைத் தருகிறது.

உண்மையில் முழங்காலைக் கழற்றி எடுப்பதில்லை. சொத்தைப் பல்லைச் சீவி அதன்மேல் உறை போடுவதைப் போன்றதே இது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். முழங்காலின் முன்புறம் கீறி, எலும்பு முனைகளில் தேய்ந்த பகுதியை அளவுகருவி வைத்து ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் கனத்துக்குச் சீவுகிறார்கள். தொடையெலும்புக்குக் கோபால்ட்–குரோமியம் கலந்த உலோக உறை. கணைக்கால் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு. நடுவே பாலிஎத்திலீன் துண்டு. சிமெண்டு சில நிமிடங்களில் இறுகிவிடும். மொத்தம் ஒன்று முதல் இரண்டு மணி நேர வேலை.

இதை ஒரு தாளில் படமாக வரைந்து காட்டினேன். அப்பத்தா வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப காலு என் காலுதான்?" என்றார்கள். "ஆமா அப்பத்தா, காலு உங்க காலுதான்" என்றேன். அதன் பிறகே சம்மதித்தார்கள்.

மாறாதது எது?

இந்தக் கேள்வியில்தான் முழு உண்மையும் அடங்கியிருக்கிறது. எலும்பின் மேற்பரப்பு மட்டுமே புதிது. மூட்டை அசைக்கும் தசை பழைய தசைதான். பல ஆண்டு வலியால் மெலிந்த தசை அது. அறுவை மருத்துவர் வலியின் காரணத்தை நீக்குகிறார். காலை நடக்க வைப்பதோ நோயாளி செய்யும் பயிற்சி.

பெரும்பாலும் மறுநாளே வாக்கர் கொடுத்து நிற்க வைக்கிறார்கள். கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல், காலில் இரத்தம் உறையாமல் காக்கும். தொடையை இறுக்கித் தளர்த்தல், மெலிந்த தசையை எழுப்பும். தொண்ணூறு பாகை அளவு மடக்கப் பழகினால் நாற்காலியில் வசதியாக அமரலாம். வலிக்கிறது என்று மடக்காமல் விட்டால் உள்ளே தழும்புத் திசு இறுகி, மூட்டு விறைத்துவிடும்.

உறவினர் அன்பே சில வேளைகளில் தீங்காவதும் உண்டு. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் இதமாக இருக்கும். ஆனால் கால் நேராக நீளாமலே நின்றுவிடும். எங்கள் வார்டில் இரவில் தலையணை வைப்பதும், காலையில் பயிற்சியாளர் அதை எடுப்பதுமாகச் சிலநாள் போராட்டமே நடந்தது. அப்பத்தா பயிற்சியின்போது கண்ணீர் விட்டார்கள். "போதும், விட்டுருங்க" என்று அத்தை கெஞ்சினார். "எண்ணுடா" என்று அப்பத்தா என்னிடம் சொன்னார்கள், எண்ணினேன். படியேறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே என்ற விதியை அங்குதான் நாங்கள் கற்றோம்.

அறிந்துகொள்ள வேண்டியவை

இடர்களே இல்லை என்று கூறுவது பொய்யாகும். நூற்றில் ஓரிருவருக்கு நோய்த்தொற்று ஏற்படலாம். அப்போது மறு அறுவையும் தேவைப்படலாம். எனவே நீரிழிவைக் கட்டுப்படுத்தி, பல், தோல், சிறுநீர்ப் பாதையில் உள்ள தொற்றுகளை முன்னரே தீர்த்துக்கொள்ள வேண்டும். தரையில் சம்மணமிடுவதும் குத்துக்காலிடுவதும் பெரும்பாலோர்க்குக் கூடாது. வீட்டில் உயரமான கழிப்பறை இருக்கை அமைத்த பின்னரே நோயாளியை அழைத்து வருவது நன்று. செயற்கை முழங்கால்களில் ஐந்தில் நான்கு, இருபத்தைந்து ஆண்டுகள் வரை நீடிக்கின்றன.

செலவும் முன்போல் எட்டாக்கனியன்று. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் உறுப்புகளுக்கு விலை வரம்பு விதித்தது. சராசரியாக ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற கோபால்ட்–குரோமியம் மூட்டின் உச்ச விலை அன்று, வரி நீங்கலாக, 54,720 ரூபாய் என்றாயிற்று. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த அறுவைக்கு இடமுண்டு.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதன்முதல் கல்லூரிப் படி ஏறியவர்கள். மருத்துவர் சொன்னதை வீட்டாருக்குப் புரியும் சொல்லில் எடுத்துரைக்கும் பொறுப்பு நம்மிடமே வந்து சேர்கிறது. "பயப்படாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் அச்சம் போகாது. என்ன செய்யப் போகிறார்கள், எது மாறும், எது மாறாது என்று சொல்லுங்கள். பிறகு அறுவை முடிந்த ஆறு வாரமும் அருகில் உட்கார்ந்து பயிற்சியை எண்ணுங்கள். நாம் கற்ற கல்வி நம் வீட்டுக்குப் பயன்படும் இடங்களுள் இதுவும் ஒன்று.