திருவரங்கக் கல்வெட்டுத் தரவுத்தள மீட்பு: பரவல் கோப்பு முறைமையில் நேரும் பிழைகளும் களையும் நெறிகளும்

ஆய்வுச்சுருக்கம்

கல்வெட்டுப் பாடங்களைத் தரவுத்தளமாகத் தொகுத்துப் பல கணினிகளில் பரவலாகச் சேமிக்கும்போது, காப்புப்படியிலிருந்து அவற்றை மீட்பதில் நேரும் பிழைகளைத் திருவரங்கக் கல்வெட்டுகளை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. பிழைச்செய்தி இன்றி முடியும் மீட்பும் பாடத்தைச் சிதைத்திருக்கக்கூடும் என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கல்வெட்டியல், தரவுத்தளம், காப்புப்படி, ஒருங்குறி, பரவல் கோப்பு முறைமை

முன்னுரை

திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலின் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் 24ஆம் தொகுதியாக 1982இல் இந்தியத் தொல்லியல் துறையால் வெளியிடப்பட்டன. தமிழுடன் வடமொழி, கன்னடம், தெலுங்கு முதலிய மொழிகளும், தமிழெழுத்துடன் கிரந்த எழுத்தும் இவற்றில் பயில்கின்றன. நிலக்கொடைகளைக் கூறுமிடத்துப் பின்னக் குறிகளும் வருவதுண்டு. இத்தகைய பாடங்களைத் தரவுத்தளமாக்குவோர்க்கு மீட்புப் பிழைகள் மூன்று நிலைகளில் எழுகின்றன.

1. சேமிப்பு நிலை

பரவல் கோப்பு முறைமை ஒரு கோப்பைத் துண்டுகளாக்கிப் பல கணினிகளில் வைக்கிறது. ஹடூப் முறைமையில் இயல்பாக ஒவ்வொரு துண்டும் 128 மெகாபைட்டு அளவினது. அதற்கு 3 படிகள் உண்டு. இப்படிகள் வன்தட்டுப் பழுதுக்கு மட்டுமே காப்பாகும். தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு மூன்று படிகளிலிருந்தும் நீங்கிவிடும். ஆதலின் படிப்பெருக்கத்தைக் காப்புப்படி எனக் கருதுதல் பொருந்தாது.

காவிரியின் தென்கரையில் திருச்சிராப்பள்ளியிலும், ஆற்றிடைத் தீவாகிய திருவரங்கத்திலும் ஒவ்வொரு சேமிப்புக் கணினி இருப்பதாகக் கருதலாம். இடையிலுள்ள இணைப்பு அறுபட்ட நேரத்தில் இரண்டும் தனித்தனியே மாற்றங்களை ஏற்றால், ஒரே கோப்பு இருவேறு வடிவம் பெறும். எது சரியென முடிவுசெய்யப் பெரும்பான்மை இல்லாமையால் மூன்றாவது கணினி ஒன்று தேவைப்படுகிறது.

2. அனுமதி நிலை

ஆய்வாளர் திறக்கவல்ல காப்புக் கோப்பைத் தரவுத்தளச் சேவை திறக்க இயலாமல் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ எனக் கூறுவது பரவலாகக் காணப்படும் பிழையாகும். ஆய்வாளரின் கணக்கு வேறு. சேவை இயங்கும் கணக்கு வேறு. பகிர்ந்த கோப்புறையில் படிக்கும் உரிமையைச் சேவையின் கணக்கிற்கு வழங்குவதே தீர்வு.

3. எழுத்து நிலை

இந்நிலைப் பிழைகள் பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்கின்றன. யூடிஎப்-8 குறியேற்றத்தில் வழக்கமான தமிழ்க் குறிகள் 3 பைட்டுகளில் அடங்கும். ஒருங்குறியில் 2014இல் இடம்பெற்ற கிரந்தமும், 2019இல் சேர்க்கப்பட்ட தமிழ்ப் பின்னக் குறிகளும் 4 பைட்டுகளைக் கோருகின்றன. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ‘யூடிஎப்8’ என்று நெடுங்காலம் வழங்கியது 3 பைட்டு வடிவமே ஆகும். அதன்வழி காப்புப்படி எடுத்தால் 4 பைட்டுக் குறிகள் வினாக்குறிகளாகிவிடும். மா, காணி, முந்திரி ஆகியவற்றின் குறிகள் இருந்த இடத்தில் வினாக்குறி நின்றால், கொடையளிக்கப்பட்ட நிலத்தின் அளவே ஆய்வாளருக்குக் கிட்டாது. இழப்பு காப்புப்படி எடுத்தபோதே நேர்ந்துவிட்டமையால், எத்தனை முறை மீட்டாலும் பயனில்லை. 4 பைட்டு வடிவத்தைக் காப்புப்படி எடுக்கும்போதும் மீட்கும்போதும் வெளிப்படையாகக் குறிப்பிடுதல் வேண்டும்.

ஒகரக் குறி மற்றொரு சிக்கலாகும். அதனை ஒரே குறியாகவும், கொம்பு, கால் என இரு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. மைப்படி ஒன்றின் படத்திற்குக் ‘கொடை’ எனப் பெயரிட்டு, தரவுத்தளம் ஒரு வடிவையும் கோப்பு முறைமை மறுவடிவையும் கொண்டிருந்தால், படம் இருந்தும் ‘கோப்பு இல்லை’ என்ற செய்தியே வரும். பெயர்களை ஒரே வடிவிற்கு இயல்பாக்குதலோ, கல்வெட்டு எண்ணையே கோப்புப் பெயராக்குதலோ இதனைத் தவிர்க்கும்.

சரிபார்ப்பு நெறி

பிழையைக் கீழ்நிலையிலிருந்து மேல்நோக்கித் தேடுதல் நன்று. முதலில் காப்புக் கோப்பின் சரிபார்ப்புத் தொகையை, படியெடுத்த நாளில் குறித்த தொகையோடு ஒப்பிட வேண்டும். அடுத்து அனுமதியையும், பின்னர் குறியேற்றத்தையும் நோக்க வேண்டும். பதிவுகளின் எண்ணிக்கை ஒத்திருத்தல் மட்டும் போதாது. வினாக்குறிகளின் எண்ணிக்கையையும் மொத்த எழுத்தளவையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். கிரந்தமும் பின்னமும் பயிலும் சில கல்வெட்டுகளைத் தேர்ந்து அச்சுத் தொகுதியோடு வரிக்கு வரி ஒத்துநோக்குதல் இறுதிப் படியாகும்.

முடிவுரை

மீட்டுப் பார்க்கப்படாத காப்புப்படி காப்பாகாது. மூலத் தரவு நலமாக உள்ளபோதே வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தால், இழந்த குறிகளை மூலத்திலிருந்து மீண்டும் பெற இயலும். சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு நோக்கும் கவனம் மின்தரவு மீட்பிற்கும் இன்றியமையாதது எனலாம்.