தங்கவயல் தொழிலாளர்களின் விதியை எழுதிய எக்ஸ்ரே படங்கள்

புது தில்லி: ஒரு முறை மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்பவரின் உடலில் சேரும் கதிர்வீச்சு, இயற்கைச் சூழலிலிருந்து ஏறத்தாழ 10 நாள்களில் எவருக்கும் சேரும் அளவே. வலியோ மயக்கமோ இல்லை. ஆனால், கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் இச்சோதனைக்கு விசித்திரமான பக்கவிளைவுகள் இருந்தன. அவை உடலில் அல்ல, வாழ்க்கையில் தென்பட்டன.

வட ஆர்க்காடு உள்ளிட்ட பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழர்களே இச்சுரங்கங்களில் பெருமளவில் உழைத்தனர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் குவார்ட்ஸ் பாறையைத் துளைத்தபோது கிளம்பிய சிலிகா தூசி, நுரையீரலில் படிந்து தழும்பேற்றியது. சிலிகோசிஸ் எனப்படும் இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. இதற்கு இழப்பீடு வழங்க மைசூர் சமஸ்தானம் 1940-ல் தனி விதிகளை வகுத்தது. அதன்பின் எக்ஸ்ரே படம், மருத்துவச் சான்றாக மட்டுமன்றி வாழ்வாதாரச் சான்றாகவும் ஆனது.

12 படிகள்

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முறைப்படி, படத்தில் காணப்படும் சிறு நிழல்களின் அடர்த்தி 12 படிகளாகப் பிரிக்கப்படுகிறது. 10 மில்லி மீட்டரைத் தாண்டும் நிழல் தீவிர பாதிப்பின் அடையாளம். ஒரே படத்தை இரு மருத்துவர்கள் வெவ்வேறு படிகளில் மதிப்பிடுவதும் உண்டு.

தெளிவான படமும் நம்பத்தக்கதன்று. தொடக்கநிலை பாதிப்பு அதில் புலப்படாமல் போகலாம். தூசியை விட்டு விலகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் நிழல் தோன்றலாம். காசநோயின் நிழலும் இதை ஒத்திருக்கும். சிலிகா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் தாக்குவதால் குழப்பம் மேலும் கூடுகிறது.

இடம்பெயர்ந்த நிறுவனம்

1962-ல் மத்திய அரசின் வசம் வந்த சுரங்கங்கள், 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. சுரங்கத் தொழிலாளர்களின் உடல்நலனை ஆராய 1990-ல் தங்கவயலைப் பதிவு அலுவலகமாகக் கொண்டு தொடங்கப்பட்ட தேசிய சுரங்கத் தொழிலாளர் உடல்நல நிறுவனத்தின் மைய ஆய்வகம் நாகபுரியில் அமைந்தது. ஆமதாபாதிலுள்ள தேசிய தொழில்சார் உடல்நல நிறுவனத்துடன் அதை இணைக்க மத்திய அமைச்சரவை 2019-ல் ஒப்புதல் அளித்தது.

நாடாளுமன்றம் 2020-ல் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் அட்டவணையிலும், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக சிலிகோசிஸ் இடம்பெற்றுள்ளது. ஆனால், தெரிவிப்பதற்கு முதலில் நோயை அடையாளம் காண வேண்டும். அதற்குப் படம் மட்டும் போதாது. எத்தனை ஆண்டுகள், எந்த வேலையில் தூசியைச் சுவாசித்தார் என்ற விவரமும் தேவை. மூடப்பட்ட சுரங்கத்தின் பணிப் பதிவேடுகளைப் பாதுகாப்பது இதனால்தான் முக்கியமாகிறது. இருமலுடன் வரும் முதியவரிடம் "எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்று மருத்துவர் கேட்காவிட்டால், சுரங்கம் தந்த நோய் வெறும் காசநோயாகவே பதிவாகிவிடும், இழப்பீட்டுக்கான வழியும் அத்துடன் அடைபட்டுவிடும்.